கோட்டைமலை பிக்சர்ஸின் இருபது விநாடி

கோட்டைமலை பிக்சர்ஸ் நாசமாகப் போக. அந்தக் கம்பெனிப் படத்தை நீங்கள் பார்த்திருந்தால் கதையை விடுங்கள், பாட்டை விடுங்கள். முதலில் வருமே ஒரு முத்திரை, அதைச் சொல்லுங்கள். சுண்ணாம்பில் செய்த மலை. பஞ்சில் செய்த மேகம். மலையுச்சியில் பட்டு ஜிப்பாவும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஓர் ஆள் நின்று கொம்பு ஊதுவான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றும். கம்பெனிப் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வந்து நிற்கும். எல்லாம் சேர்த்து இருபது விநாடி. அந்த இருபது விநாடிதான் என் குடியைக் கெடுத்தது.

அந்தப் பட்டு ஜிப்பாக்காரன் ஊதவில்லை. அவன் கன்னத்தைப் பாருங்கள், உப்பவே உப்பாது. கொம்பு ஊதுகிறவனுக்குக் கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைக்கும், கண் சிவந்து நீர் கட்டும். இவன் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் முதலாளி கிருஷ்ணப்பனின் மைத்துனன். ஊதினது என் வீட்டுக்காரர் முனிவேல்.

எங்களுக்குப் போச்சம்பள்ளிப் பக்கம். ஊரை விட்டுத் தள்ளி ஏரிக்கோடியில் இரண்டே வீடு. ஒன்றில் நானும் அவரும். இன்னொன்றில் அவர் தம்பி சென்னப்பன், இன்னும் கல்யாணமாகாதவன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் காட்டு வேலைக்குப் போவார்கள். ஊரில் சாமி புறப்பட்டாலும் மனுஷன் புறப்பட்டாலும் கொம்பு எடுப்பார்கள்.

சாமிக்கு ஊதுவது வேறு, சாவுக்கு ஊதுவது வேறு. சாமிக்கு ஊதினால் சின்னச் சின்னதாக, கடகடவென்று, கேட்கிறவன் கால் சும்மா இருக்காது. சாவுக்கு மூன்று நீள ஊதல். மேலே ஏறி, அங்கேயே நின்று, மெதுவாக இறங்கும். அந்த மூன்றும் முடிந்த பிறகு யார் வீடு என்று சொல்லும் குறி வரும். மணியக்காரர் வீட்டுக்கு ஒரு குறி, குயவர் வீட்டுக்கு ஒரு குறி, செக்கு வீட்டுக்கு ஒரு குறி. எங்கள் வீட்டுக்கு இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை. குறி கேட்டதும் வீட்டுக்கு ஓர் ஆள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். சாவு வீட்டார் யார் வாசலிலும் போய் நின்று கூப்பிடக் கூடாது. ஆள் வந்து சேரும்வரை வாய்விட்டு அழவும் கூடாது. கொம்புதான் கூப்பிடும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மாசியில் கல்லாவித் திருவிழாவுக்கு ஊதப் போனார் மனுஷன். அங்கே வந்திருந்தார் கிருஷ்ணப்பன். கிருஷ்ணகிரியில் பெரிய மாந்தோப்புக்காரர். படம் பிடிக்கிறேன் என்று புதுசாகக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். இவர் ஊதியதைக் கேட்டுவிட்டுத் தோளில் கை போட்டாராம். "முனிவேலு, மெட்ராஸ் கம்பெனிக்காரன் எல்லாம் சங்கு ஊதறான், மணி அடிக்கிறான். நம்ம கம்பெனிக்கு நம்ம ஊர் கொம்புடா. மலைமேல நின்னு நீ ஊதற. உலகமே பாக்கப் போவுது" என்றாராம்.

தோளில் கை போட்டதிலேயே இவர் குளிர்ந்துபோனார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் மீசையைச் சீப்பால் வாரினார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். பொய் சொல்வானேன், நானும் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

பஸ் ஏறி, ஓசூர் தாண்டி, ஜூஜுவாடி தாண்டி, பெங்களூரில் ஏதோ ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். பட்டு ஜிப்பாவை மாட்டிச் சுண்ணாம்பு மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். முகத்தில் களை இல்லையாம். பல் தூக்கலாம். கறுப்பு அதிகமாம். இவர் உடம்பிலிருந்து ஜிப்பாவைக் கழற்றி அங்கேயே மைத்துனனுக்கு மாட்டியிருக்கிறார்கள். வேர்வை ஈரம்கூடக் காயவில்லை. அந்த இடத்திலேயே, "போங்கடா நீங்களும் உங்க மலையும்" என்று இவர் கொம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மறுநாள் ஒரு கம்பளி தொங்கிய அறைக்குள் நிறுத்தி, நீ ஊது, சத்தம் மட்டும் போதும் என்றார்களாம். சரி என்று நின்றாராம்.

சாமி ஊதலைத்தான் முதலில் ஊதினார். சவுண்டு பிடிக்கிறவர் கன்னடக்காரர். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, "இன்னொந்து சல, நிதானா, நிதானா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம், இன்னொரு தடவை, மெதுவாக என்று. சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறதாம், எழுத்து மெதுவாக வருகிறதாம், ஊதல் மட்டும் ஓடுகிறதாம். நீளமாக, மேலே ஏறி இறங்குகிற மாதிரி வேண்டுமாம். எங்கள் கொம்பில் அப்படி ஊதுவது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

"ஐயா, அது எழவுக்கு ஊதறதுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதை நான் மறைக்க மாட்டேன், சொல்லித்தான் இருக்கிறார். கிருஷ்ணப்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நம்ம பக்கத்து மனுஷர், அந்த ஊதலைக் கேட்டு எத்தனை சாவுக்குப் போயிருப்பார்! அவர் சொன்னது என்ன தெரியுமா? "மெட்ராஸ்காரனுக்கு அது தெரியுமாடா? திருச்சிக்காரனுக்குத் தெரியுமா? சும்மா ஊது."

ஊதினார். மூன்று நீளமும் பன்னிரண்டு விநாடியில் முடிந்துவிட்டது. இன்னும் எட்டு விநாடிக்குச் சக்கரம் சுற்றுகிறது. கன்னடக்காரர் விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார், நிறுத்தாதே, நிறுத்தாதே என்று. மூன்று நீளத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் மூச்சு வேறெங்கே போகும்? குறிக்குத்தான் போகும். யார் குறியை ஊதுவது? உயிரோடு இருக்கிற அடுத்த வீட்டுக்காரன் குறியை ஊதினால் அது அவனுக்குக் கேடு இல்லையா? அந்த எட்டு விநாடியில் மனுஷன் அதையெல்லாம் யோசித்து, யாருக்கும் கேடு வேண்டாம் என்று, எங்கள் வீட்டுக் குறியை ஊதிவிட்டு வந்துவிட்டார். இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை.

ஒரு வேட்டியும் பஸ் செலவும் கொடுத்து அனுப்பினார்கள். இதெல்லாம் நான் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டது; வீட்டுக்கு வந்த அன்று என்னிடம் எதையும் சொல்லவில்லை.

ஆனி மாதம் போச்சம்பள்ளிச் சந்தை மைதானத்தில் திம்மராயனின் டூரிங் கொட்டாயில் படம் வந்தது. ஊரே போனது. மணலைக் குவித்து உட்கார்ந்தோம். நான் கொசுவச் சேலை கட்டி, பூ வைத்து, இவர் பக்கத்தில். விளக்கு அணைந்தது. மலை வந்தது. மைத்துனன் வந்தான். "யோவ், நீ எங்கய்யா?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஊதல் கிளம்பிவிட்டது.

முதல் நீளத்துக்கே கொட்டாய் முழுக்க எழுந்து நின்றது. மூன்றாவதற்கு ஆம்பிளைகள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். குறி வந்தது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அய்யோ நாகம்மா, உங்க ஊட்டுல யாருடி?" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். இவர் மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உச்சந்தலையில் ஏறியது.

"யோவ்! என்னாய்யா பண்ணி வச்சிருக்கிற?"

"அப்புறம் சொல்றேன் உக்காரு."

"எழவு ஊதிட்டு வந்திருக்கிறியே, அதுவும் நம்ம ஊட்டுக்கு! உனுக்கு மூளை கீளை இருக்குதா?"

அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு அளவில்லை. வீடு வந்து சேரும்வரை பேசினேன், சோறு போடாமல் பேசினேன். அவர் ஒரே ஒரு முறை, "வேற யார் ஊட்டுக் குறியை ஊதச் சொல்ற?" என்றார். அதைக் கேட்டு இன்னும் சத்தமாகப் பேசினேன்.

மறுநாள் இரண்டு பேருமாகக் கிருஷ்ணகிரிக்குப் போனோம். கிருஷ்ணப்பன் எங்களை மாந்தோப்பு வாசலில் நிற்க வைத்துப் பேசினார். "படம் முப்பது ஊர்ல ஓடுது. ஒரு எடத்துல கூட யாரும் எந்திரிக்கல. மெட்ராஸ்ல கை தட்டறான். உங்க ஊர்ல நாலு பேர் எந்திரிச்சா நான் என்னா பண்றது?" என்றார்.

"எங்களுக்கு அந்த நாலு பேர்தாங்க ஊரு" என்றேன்.

"பொம்பளைய பேச விட்டுட்டு நீ சும்மா நிக்கிறியேடா" என்று அவரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் படம் மூன்று வாரம் ஓடும், போகும், ஊர் மறந்துவிடும். கிருஷ்ணப்பனுக்குத்தான் அந்தச் சத்தத்தின்மேல் கிறுக்குப் பிடித்துவிட்டதே! விளம்பரத்துக்கென்று அதை ரெக்கார்டு பிளேட்டாகப் போட்டு, தன் படம் ஓடுகிற கொட்டாய்க்கெல்லாம் கொடுத்தார். டிக்கெட் கொடுக்கப்போகிறோம் என்பதற்கு அடையாளமாக அதுவரை சாமிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த திம்மராயன், இனிமேல் இதுதான் என்று மூங்கில் உச்சியில் லவுட்ஸ்பீக்கர் குழாயைக் கட்டி வைத்துவிட்டார். தினம் பொழுது சாயும்போது மூன்று நீளம், இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை. திரும்பத் திரும்ப மூன்று தடவை. ஏரி தாண்டிக் கேட்கும்.

முதல் நாள் நாற்பது பேர் என் வாசலுக்கு ஓடிவந்தார்கள். கல்லாவிச் சந்தைக்குப் போனவர் யாரோ சொல்லி, அந்த ஊரில் இருக்கிற என் அம்மா லட்சுமியம்மாள் மாரில் அடித்துக்கொண்டே வந்து, மருமகன் ராகிக்களி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் நாள் பதினைந்து பேர். அப்புறம் ஐந்து. ஆடி முடியுமுன் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டதும் பிள்ளைகள், "படம் போடறான், படம் போடறான்" என்று குதித்துக்கொண்டு ஓடும். வயசுப் பையன்கள் வாயாலேயே ஊதிக் காட்டிப் பெண்களைக் கேலி பண்ணினார்கள். என் வீட்டு எழவு ஊருக்கு விளையாட்டாகிவிட்டது.

நான் திம்மராயனிடம் சும்மா விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போய்ச் சண்டை போட்டேன். "ஏன்யா, உன் ஊட்டு எழவைத் தினம் ஊதினா நீ சும்மா இருப்பியா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவருக்கு உறைக்கவே இல்லை. "இந்தாம்மா, இதப் போட்டா அஞ்சு மைலுக்குக் கேக்குது. சாமிப் பாட்டு எவனுக்குக் கேக்குது? ஜனம் வர்ற வழிய நான் அடைக்கட்டுமா?" என்பார். டிக்கெட் வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் 'கொட்டாய் நாகம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இவரிடமும் மல்லுக்கட்டினேன். "நம்ம குறிய மாத்திக்கலாம்யா. ஊர்ல சொல்லிட்டு வேற ஒண்ணு வச்சிக்கலாம்" என்றேன்.

"எங்கப்பனுக்கு ஊதினது அது. எங்கம்மாளுக்கு ஊதினது. நான் போனா எனக்கு ஊத வேண்டியது. கிருஷ்ணப்பன் எடுத்துக்கிட்டான்னு நான் ஏன் மாத்தணும்? அவன் மாத்தட்டும்" என்றார்.

வீம்பு. தோளில் கை போட்டதும் கரைந்துபோன மனுஷனுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வீம்பு. வர வேண்டிய இடத்தில் வரவில்லை, என்னிடம் வந்தது.

கார்த்திகையில் ராகி அறுப்பு. எங்கள் அரைக் காணியை அவர் தனியாகத்தான் அறுத்துக்கொண்டிருந்தார். நான் கஞ்சி கொண்டு போனபோது வரப்பில் சாய்ந்து கிடந்தார். கணுக்காலில் பாம்பின் இரண்டு பல் தடம். நாக்கு குழறிவிட்டது. நானும் சென்னப்பனும் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கிடத்துவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அழவில்லை. அழக் கூடாதே. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். சென்னப்பன் அண்ணனுடைய கொம்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறினான். அவனுக்கு அண்ணன் அளவுக்கு மூச்சு இல்லை. ஆனாலும் ஊதினான். மூன்று நீளம். குறி. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் மூன்று நீளம், குறி.

வாசலில் நின்று பார்க்கிறேன். ஏரிக்கரைப் பாதையில் ஓர் ஆள் இல்லை. மாடு ஓட்டிக்கொண்டு ஒருத்தன் போகிறான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் பிள்ளைகள் கும்பலாக ஓடுகின்றன, கொட்டாயைப் பார்த்து. "படம் போடறான், படம் போடறான்!" சென்னப்பன் மூன்றாவது தடவையும் ஊதினான். அதற்குப் பதில் சொல்வது மாதிரி சந்தை மைதானத்திலிருந்து ரெக்கார்டு கிளம்பியது. உள்ளே அவர் கிடக்கிறார், வெளியே அவர் ஊதுகிறார்.

வழக்கமாவது மண்ணாவது. தலையை முடிந்துகொண்டு கிளம்பினேன். சாவு வீட்டுக்காரி போய்க் கூப்பிடக் கூடாதாம். எத்தனை சாவுக்கு ஊதியிருப்பார் என் புருஷன்! மழையில் ஊதினார், காய்ச்சலில் ஊதினார், மணியக்காரர் அம்மாவுக்கு உதடு கிழிந்து ரத்தம் வர ஊதினார். அவர் தனியாகக் கிடப்பாராம், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனாம்.

டிக்கெட் மேஜைக்குப் பக்கத்தில்தான் ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. போன வேகத்தில் ஊசியைப் பிடித்து இழுத்து, ரெக்கார்டைப் பிடுங்கினேன். குழாய் கர்ரென்று கத்திவிட்டு அடங்கியது.

"வந்துட்டாப்பா கொட்டாய் நாகம்மா" என்றான் வரிசையில் ஒருத்தன். சிரித்தார்கள்.

"கேளுங்கடா" என்றேன். "வாய மூடிக்கிட்டுக் கேளுங்க."

ஏரிக்கரையிலிருந்து சென்னப்பன் ஊதுவது வந்தது. சன்னமாக, நடுவில் உடைந்து உடைந்து. ரெக்கார்டு என் கையில் இருக்கிறது, ஊதல் மட்டும் வருகிறது. சிரிப்பு நின்றது. குறி வந்தது.

"நெசமாவா?" என்றார் திம்மராயன்.

"இல்ல, வெளம்பரம்! அஞ்சு மாசமா தினம் என் புருஷனைச் சாவடிச்சியே, இன்னைக்குச் செத்துட்டாருய்யா! போதுமா? ஏரிக்கோடில ஒண்டியா கெடக்கறாரு. ஊதி ஊதி சென்னப்பனுக்கு நெஞ்சு அடைக்குது, ஒரு நாய் வரலை!"

மேஜை விளிம்பில் ஓங்கி அடித்தேன். ரெக்கார்டு நாலைந்து துண்டாகத் தெறித்தது. "அடியே, கம்பெனி சொத்துடி! நான் கிருஷ்ணப்பருக்கு என்னா பதில் சொல்றது?" என்று திம்மராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மனுஷனுக்கு அதுதான் கவலை.

வரிசையிலிருந்து நாலு பேர் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். செக்கு வீட்டு எல்லப்பன், சென்றாயன், இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மணியக்காரர், அம்மாவுக்காக இவர் உதடு கிழிய ஊதினாரே அதே மணியக்காரர், என்னிடம் ரொம்ப மெதுவாக, ரொம்பத் தன்மையாகச் சொன்னார்: "நீ மொதல்ல போம்மா. டிக்கெட் வாங்கியாச்சு. படம் விட்டதும் எல்லாரும் வந்துடறோம்."

சொன்ன சொல் தவறவில்லை. படம் விட்டதும் எல்லாருமாக வந்தார்கள். துண்டை அவிழ்த்துவிட்டு முற்றம் முழுக்க உட்கார்ந்தார்கள். அத்தனை பேர் வந்தும் எனக்கு அழுகை வரவில்லை. மணியக்காரர் முன்னால் போய் நின்று, "படம் எப்பிடி இருந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர், என்ன நினைத்தாரோ, பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"கடைசில எல்லாரையும் அழ வச்சுட்டான்மா."